ரெட்டைக்கண் மதகு

பங்கஜவல்லி வந்தபோது நீலகண்டன் செய்தித்தாளை மடித்து வைத்தார். போலீசிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் ஊர்ச் சிக்கல்கள் அவரை விட்டபாடில்லை. அவரோடு ஒட்டிக்கொண்டு திரியும் தபாலாபீஸ் குமாஸ்தா தியாகராசன் காதைத் தீட்டிக்கொண்டான்.

"எங்க கொள்ளுத்தாத்தா சபாபதி பிரெஞ்சுக்காரங்க காலத்துல குமாஸ்தாவா நுழைஞ்சு நீதிபதியா உசந்தவருங்க. கோட்டுச்சேரிப் பள்ளிக்கூடத்துக்கே அவரு பேருதான். நாளைக்குப் பள்ளிக்கூடக் கமிட்டி கூடி அந்தப் பேரை அழிக்கப் போவுது."

விழிதியூர் வாய்க்கால் வழக்குதான் அவருடைய கடைசித் தீர்ப்பு. தன் சொந்த அண்ணன் வயலுக்குத் தண்ணீர் பாய அகலக் கண்ணும், ஏழைக் குடியானவர்களுக்குக் குறுகிய கண்ணுமாக மதகு கட்டச் சொன்னாராம். கமிட்டித் தலைவர் தெட்சிணாமூர்த்தி எடுத்த போட்டோவை அவள் நீட்டினாள். குடை பிடித்து நின்றவர்களுக்குப் பின்னால் அகலக் கண்ணில் தண்ணீர் பொங்கிப் பாய்ந்தது.

தியாகராசனின் முகம் தொங்கிப்போனது. "இதுக்கு மேல என்ன சார் இருக்கு?"

நீலகண்டன் வேறொன்று கேட்டார். "அண்ணன் தம்பி எப்படிம்மா இருந்தாங்க?"

"தீர்ப்புக்கப்புறம் அண்ணன் எங்க வாசல மிதிக்கலைங்க. தம்பி சாவுக்குக்கூட வரலை. ஏன்னு யாருக்கும் தெரியாது."

"வாங்க, மதகடிக்குப் போவோம். தெட்சிணாமூர்த்தியையும் கூப்பிட்டுக்குவோம்."

ஆடி பிறந்து, கடைமடைக்குப் புதுத்தண்ணீர் அப்போதுதான் எட்டியிருந்தது. குறுகிய கண்ணில் அது சலசலத்து ஓடியது. அகலக் கண் பொட்டுத் தண்ணீரில்லாமல் காய்ந்து கிடந்தது. தெட்சிணாமூர்த்தி குனிந்து பார்த்தார்.

"அகலக் கண்ணோட அடிக்கல் ஒரு முழம் உசரம்," என்றார் நீலகண்டன். "குடியானவங்க வயல் நெறைஞ்சு தண்ணி ஏறினாத்தான் அண்ணன் வயலுக்குப் போவும். நீங்க வந்தது ஐப்பசி மழையில. போட்டோவுல குடை இருக்கே."

"அப்ப எதுக்கு அவ்வளவு அகலம்?" என்று கேட்டார் தெட்சிணாமூர்த்தி.

"வெள்ளம் வந்தா வடியறதுக்கு. ஏழைப் பயிரு அழுகிப்போவக்கூடாதுன்னு அந்த வெள்ளத்தையும் அண்ணன் தலையிலதான் கட்டியிருக்காரு. லாபம் அடைஞ்ச அண்ணன் தம்பிகிட்ட ஏங்க முறைச்சுக்கப் போறாரு? அந்தக் கோவந்தான் எனக்குச் சந்தேகத்தைக் கெளப்புச்சு."

தியாகராசனுக்கு மெய் சிலிர்த்தது. கூடப் பிறந்தவனை இழப்போம் என்று தெரிந்தே அந்த மனிதர் தீர்ப்பைக் கல்லில் வைத்திருக்கிறார். அதற்கு ஒரு விளக்கமும் சொல்லாமல் போய்ச் சேர்ந்திருக்கிறார். இப்படியும் ஒருவர் இந்த மண்ணில் நடமாடியிருக்கிறார் என்பதே அவனுக்கு மலைப்பாக இருந்தது.

தெட்சிணாமூர்த்தி செருப்பைக் கழற்றிவிட்டு மதகின் மேல் ஏறினார்.

"பேரு அப்படியே இருக்கட்டும்மா. கமிட்டியை நாளைக்கு இங்கயே கூட்டிக்கிட்டு வர்றேன்."

பங்கஜவல்லி கரையில் உட்கார்ந்து, குறுகிய கண்ணில் ஓடிய தண்ணீரில் கையை நனைத்துக் கண்களில் ஒற்றிக்கொண்டாள்.