பதினொரு விநாடிச் சத்தம்

அனுப்பும் பொத்தானிலிருந்து விரலை எடுப்பதற்குள் வாத்தியாரின் பதில் வந்துவிட்டது.

ஏதோ தானாகவே போகிற பதில் போலிருக்கிறது என்று நினைத்துத்தான் அவள் அதைத் திறந்தாள். ஆனால் வாத்தியார் நேரில் பேசுவது போலவே எழுதியிருந்தது. 'நல்லதம்மா. என்னைச் சுற்றி நிறையப் பேர் இருக்கிறார்கள். எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். எல்லோருக்கும் தேவைதான்.' அவள் எழுதியது பத்து வரி மெயில். அதை ஒரு கண்சிமிட்டலில் யாரால் படிக்க முடியும்? வாத்தியார் எப்போதுமே கொஞ்சம் அவசரக்காரர்தான் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். வேலை இல்லாதவர்களுக்குச் சமாதானம் சீக்கிரம் கிடைத்துவிடுகிறது.

ஒலிப்பதிவுகளிலிருந்து இரைச்சலை நீக்கித் தருவது அவள் தொழில். மின்விசிறியின் உறுமல், தெருவில் போகும் லாரி, பேசுகிறவரின் தொண்டைக் கரகரப்பு, பக்கத்து வீட்டு நாய் எல்லாவற்றையும் மயிரிழை மயிரிழையாகப் பிரித்தெடுத்துவிட்டுக் குரலை மட்டும் கழுவித் துடைத்துத் திருப்பிக் கொடுப்பாள். அதற்கென்றே வீட்டின் சின்ன அறையில் நான்கு சுவரிலும் கம்பளி அடித்து, ஜன்னலைக் கனத்த திரையால் மூடி வைத்திருந்தாள். பகல் பன்னிரண்டு மணிக்கும் அந்த அறை சாயங்காலம் மாதிரிதான் இருக்கும். ஐந்து வயது மகள் வாண்டு கதவுக்கு வெளியே, கூடத்துத் தரையில், சத்தமில்லாத விளையாட்டுகளை விளையாடுவாள். பேசக் கற்றுக்கொள்வதற்கு முன்பே பேசாமலிருக்கக் கற்றுக்கொண்ட பிள்ளை. "உஷ்" என்பதுதான் அந்த வீட்டில் அதிகம் புழங்கிய சொல். வாண்டுவின் அப்பாவுக்குக் கப்பலில் வேலை. இப்போது எந்தக் கடலில் இருந்தாரோ, போன் கிடைத்துப் பத்து நாளாகியிருந்தது.

நான்கு மாதமாக ஒரு வேலையும் வரவில்லை. அக்காதான் போனில் குடைந்தெடுத்தாள்.

"வேலை நல்லா இருந்துச்சுன்னு சொன்னவங்ககிட்டதானே கேக்கப்போற? தெரிஞ்சவங்க யாராவது இருந்தா சொல்லுங்கன்னு ஒரு மெயில் போடு. அதுக்கு என்னமோ பொண்ணு கேக்கப் போற மாதிரி வெக்கப்படுற!"

"கெஞ்சுற மாதிரி இருக்கும்க்கா."

"கெஞ்சினா என்ன, கிரீடமா கீழ விழுந்துடும்?"

அப்படித்தான் ஒன்பது பேருக்கு எழுதினாள். உங்களுக்கு என் வேலை பிடித்திருந்தது என்று சொன்னீர்கள், உங்களைச் சுற்றி இருப்பவர்களில் யாருக்காவது தேவைப்பட்டால் என் பெயரைச் சொல்லுங்கள், மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று. எட்டுப் பேர் வாய் திறக்கவில்லை. மூன்று வருடம் முன்பு தன் வாழ்க்கைக் கதையை நாற்பது மணி நேரம் பேசிப் பதிவுசெய்து அனுப்பியிருந்த ஓய்வுபெற்ற வாத்தியார் மட்டும் பதில் போட்டார்.

மறுநாள் காலை ஏழு மெயில்கள் காத்திருந்தன. ஏழும் வாத்தியார் சொல்லி வந்தவை. ஒவ்வொன்றிலும் ஓர் ஒலிப்பதிவு, அதோடு ஏறக்குறைய ஒரே கோரிக்கை: 'மேலே இருக்கும் கனத்தை நீக்கிக் கொடுங்கள். எங்களுக்கு எங்கள் வீட்டுச் சத்தம் கேட்க வேண்டும்.'

ஹெட்போனை மாட்டிக்கொண்டு முதல் ஃபைலை ஓடவிட்டாள். இப்படி ஓர் இரைச்சலை அவள் கேட்டதே இல்லை. காற்றோ இயந்திரமோ மழையோ இல்லை. ஈரச் சாக்குகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, அதன் அடியில் ஒரு காதை வைத்து, அந்தக் காதுக்குள் இன்னொருவர் வந்து உட்கார்ந்துகொண்டால் எப்படி இருக்குமோ அப்படி ஓர் அமுக்கமான, அசையாத, மண்வாடை அடிப்பதுபோலத் தோன்றவைத்த சத்தம். இரண்டு நாள் பொறுமையாக உரித்தாள். அடியில் ஒரு வீடு கிடைத்தது. தட்டு வைக்கும் ஓசை, கதவின் கிறீச், தூரத்தில் யாரோ சிரிப்பது. பிறகு ஒரு பெண் குரல்:

"அந்த நாற்காலிய எடுத்துடு. பார்க்கிறப்பல்லாம் அவரே உக்காந்திருக்கிற மாதிரி இருக்கு."

யாரோ மைக்கை அலமாரிக்குள் மறந்து வைத்திருக்கிறார்கள் என்று அவள் நினைத்தாள். அப்படி நினைப்பது வசதியாக இருந்தது. ஏழு ஃபைல்களையும் இப்படியே முடித்து, அவற்றோடு, வழக்கம்போல, என்னென்ன நீக்கினேன் என்று தன் குரலில் ஒரு சின்னக் குறிப்பையும் பதிந்து அனுப்பினாள்.

ஏழு பேரும் ஒரே நேரத்தில் பதில் போட்டார்கள். 'உங்கள் குறிப்பில், உங்களுக்குப் பின்னால், ஒரு குழந்தை பாடுகிறது. எல்லோரும் திரும்பத் திரும்பக் கேட்டோம். இங்கே அந்தச் சத்தம் கிடையாது. கொடுப்பீர்களா?'

அவளுக்கு முகம் சிவந்துவிட்டது. ஊரார் பதிவில் தூசி தட்டுகிறவள் தன் பதிவைத் துடைக்க மறந்திருக்கிறாள்! கதவுக்கு வெளியே வாண்டு முணுமுணுவென்று எதையோ பாடியது அப்படியே விழுந்திருந்தது. எழுந்து போய்ப் பிள்ளையை ஓர் அதட்டு அதட்டினாள். திரும்பி வந்து அந்தப் பாட்டை மட்டும் வெட்டியெடுத்தாள். பதினொரு விநாடி. இந்தத் தொழிலில் இதெல்லாம் சகஜம். வெட்டியெறிந்த மழையையும் ரயிலையும் கூட யாராவது கேட்டு வாங்கிப்போவார்கள். 'தாராளமாக வைத்துக்கொள்ளுங்கள்,' என்று எழுதினாள். 'எனக்கு இது தேவைப்படாது. உங்களுக்குத் தெரிந்தவர்களிடமும் என்னைப் பற்றிச் சொல்லுங்கள்.'

அடுத்த நாள் அவள் அடுப்படியில் நின்றுகொண்டிருந்தபோது பின்னங்கழுத்தில் யாரோ பார்ப்பது போலிருந்தது. திரும்பினாள். வாண்டு இடுப்பருகே நின்றிருந்தாள்.

"எப்ப வந்த? பூனை மாதிரி..."

"ஓடித்தான் வந்தேன்மா."

மரத்தரை அது. பூனை நடந்தாலே கேட்கும்.

வாண்டு கூடத்துக்குத் திரும்பி ஓடினாள். இரண்டு கால்களும் தரையை அறைந்தன. ஒரு சத்தமும் வரவில்லை. குழாயடியில் சொட்டும் தண்ணீர் கேட்டது, சுவர்க்கடிகாரம் கேட்டது, மாடிவீட்டில் யாரோ நாற்காலி இழுப்பது கேட்டது. பிள்ளை ஓடுவது மட்டும் கேட்கவில்லை.

அப்போதுதான் போன் அடித்தது. வாத்தியாரின் மகன்.

"மேடம், அப்பாவோட மெயில் கணக்க மூடிடலாம்னு இன்னைக்குத்தான் திறந்தேன். நீங்க போன மாசம் எழுதியிருக்கீங்க போல. உங்களுக்கு யாரும் சொல்லலியா? அப்பா போய் ரெண்டு வருஷம் ஆச்சு."

"இல்லையே... எனக்கு அவர் பதில் போட்டாரே."

மறுமுனையில் அவன் விசைப்பலகையைத் தட்டித் தேடும் சத்தம் கேட்டது.

"இதிலேர்ந்து எதுவும் போகல மேடம். உங்க மெயில் படிக்காம அப்படியே கிடக்கு."

அவள் போனை மேஜையில் வைத்தாள். வைத்த சத்தம் கேட்டது. அது அவளுக்கு ஏனோ ஆறுதலாக இருந்தது. பிறகு சின்ன அறைக்குப் போய், கம்பளிச் சுவர்களுக்கு நடுவே, அன்று காலை வந்திருந்த புதிய ஃபைலைத் திறந்து ஹெட்போனை மாட்டிக்கொண்டாள்.

ஈரச் சாக்கின் கனம். அதற்குள், எங்கோ ஆழத்தில், மரத்தரையில் ஓடும் சின்னக் கால்கள். தட், தட், தட், தட். இடது கால் கொஞ்சம் அழுத்தி விழும். அந்த நடையை அவளுக்குத் தெரியும். அந்தக் காலுக்குச் செருப்பு வாங்கித் தந்தவள் அவள்.

உடனே எழுதினாள். தவறு நடந்துவிட்டது, அதைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், உங்கள் வேலையெல்லாம் எத்தனை வேண்டுமானாலும் செய்து தருகிறேன்.

அனுப்பு. பதில்.

'மிகவும் திருப்தி அம்மா. பாட்டு ரொம்பச் சின்னதாக இருந்தது, அதனால் மிச்சத்தையும் எடுத்துக்கொள்கிறோம். எங்களுக்குத் தெரிந்தவர்களிடமும் சொல்லியிருக்கிறோம்.'

அதன் கீழே மெயில்கள் விழத் தொடங்கின. பத்து. நாற்பது. இருநூறு. வெவ்வேறு பெயர்கள். சில பெயர்கள் மிகப் பழையவை. எல்லாவற்றிலும் ஒரே வரி: 'உங்களைப் பற்றிக் கேள்விப்பட்டோம்.'

இணைய இணைப்பைப் பிடுங்கினாள். கணினியை அணைத்தாள். ஹெட்போன் கழுத்தில் தொங்கியது. அதற்குள் ஏதோ நமநமத்துக்கொண்டே இருந்தது. கூடத்துக்கு ஓடினாள்.

வாண்டு தட்டில் கரண்டியால் தட்டிக்கொண்டிருந்தாள். கரண்டி எழுந்தது, விழுந்தது. ஓசை இல்லை.

"பேசு," என்றாள் அவள். பிள்ளையின் தோள்களைப் பிடித்து உலுக்கினாள். "ஏதாவது பேசுடி. சத்தம் போடு!"

வாண்டு மிரண்டு பார்த்தாள். சத்தம் போடு என்று யாரும் அவளிடம் இதுவரை சொன்னதில்லை. இதுவும் ஏதோ பரீட்சை என்று நினைத்தாளோ என்னவோ, விரலை உதட்டில் வைத்துக்கொண்டாள்.

"திட்டமாட்டேன் கண்ணு. கத்து. நல்லாக் கத்து."

"நிஜமா கத்தட்டுமா?"

குரல் பக்கத்து அறையிலிருந்து வருவதுபோல் இருந்தது. அதற்கும் அப்பால். இன்னும் அப்பால்.

"கத்துடா."

வாண்டு வாயைத் திறந்தாள். கழுத்து நரம்பு புடைத்தது. கண்கள் இடுங்கின. முகம் சிவந்தது.

எதுவும் வரவில்லை.

ஹெட்போனில் வந்தது. நீளமாக. தெளிவாக. அலறி முடித்துவிட்டுக் குழந்தை அங்கே மூச்சு வாங்கியது.

"அம்மா," என்றது ஹெட்போன். "இவங்கல்லாம் யாரு?"

எதிரே வாண்டுவின் உதடுகள் அதே சொற்களைச் சொல்லி முடித்து மூடின.

"அம்மா, இங்க வா. எல்லாரும் நெருங்கி வந்து உக்கார்றாங்க."

அவள் மண்டியிட்டாள். பிள்ளையை இழுத்து அணைத்தாள். உடம்பு சூடாக இருந்தது. கண்ணீர் சூடாக இருந்தது. விம்மி விம்மித் தோள் குலுங்கியது. விம்மல் இங்கே இல்லை. மூச்சு இங்கே இல்லை.

ஒரு காதைப் பிள்ளையின் நெஞ்சில் வைத்து அழுத்தினாள்.

ஒன்றுமில்லை. சட்டைத் துணி காதில் உரசும் சத்தம்கூட இல்லை.

மறு காதில் ஹெட்போனைத் தூக்கி வைத்தாள்.

அங்கே துடித்துக்கொண்டிருந்தது. சின்ன இதயம். வேகமாக. ஒரு துளி இரைச்சல் இல்லாமல், அவள் வாழ்நாளில் சுத்தம் செய்த எந்தப் பதிவையும்விடத் துல்லியமாக. அதைச் சுற்றி, மிக அருகில், எண்ண முடியாத அளவுக்கு யார் யாரோ அசையாமல் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

வாண்டு நிமிர்ந்து அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். அம்மா ஏதோ சொல்வாள் என்று காத்திருந்தாள்.