ரைட் சொன்ன குரல்

மகள் புதுக் கார் வாங்கியிருக்கிறாள். அவளுக்கு எட்டாம் மாதம். வயிறு ஸ்டியரிங்கில் இடிக்கிறது, இனி நீதான் ஓட்ட வேண்டும் என்று என்னைப் பிடித்து உட்கார வைத்தாள். முப்பது வருஷம் லாரி ஓட்டியவனுக்கு வகுப்பு வேறு.

மத்தியானம் மூன்று மணி. மழை விட்டு ரோடு கறுப்பாகக் கிடந்தது. ஆஸ்பத்திரி மேட்டில் பாதி ஏறியதும், "இங்கேயே நிறுத்துப்பா" என்றாள்.

எனக்கு அந்த மேடு ஆகாது. சுற்றுவழியில் போகலாம் என்று கிளம்பும்போதே சொன்னேன். கேட்டால்தானே.

"கிளட்ச மிதி, பிரேக்க மிதி. ஃபர்ஸ்ட் கியர்ல போடு. இப்போ பிரேக்குலேருந்து மட்டும் கால எடு."

"எடுத்தா பின்னாடி உருளும்டி."

"உருளாது. மேட்டுல வண்டியே ரெண்டு செகண்டு, மூணு செகண்டு தன்னைப் பிடிச்சுக்கும். அதுக்குள்ள நீ கிளட்ச மெதுவா விட்டு ஆக்சிலேட்டர் கொடுக்கணும்."

"மேட்டுல வண்டியைப் பிடிக்கிறது ரெண்டுதான். ஹேண்ட்பிரேக்கு, இல்லன்னா கட்டை. மத்ததெல்லாம் விக்கிறவன் விடுற கதை."

"கட்டையைக் கட்டிக்கிட்டு அழுதது போதும். கால எடுப்பா."

கட்டை என்றதும் அவன் நினைவு வந்துவிட்டது. என் பெண்டாட்டியின் தம்பி. என் லாரியில் கிளீனர். மேட்டில் நின்றால் பின்சக்கரத்துக்குக் கட்டை கொடுப்பான். கிளம்பும்போது அதை உருவிக்கொண்டு விலகி, பாடியில் இரண்டு தட்டு தட்டி, "ரைட்" என்பான். தட்டும் குரலும் சேர்ந்து வந்தால்தான் நான் பிரேக்கை விடுவேன்.

இதே மேட்டில் ஒரு நாள் தட்டு வரவில்லை. "ரைட்" மட்டும் வந்தது. பக்கத்தில் நின்ற பஸ்ஸின் கண்டக்டர் தன் டிரைவருக்குச் சொன்னது. வேறு குரல் என்று காதுக்குத் தெரிந்தது. கால் அதற்குள் விட்டுவிட்டது. லாரி ஒரு முழம்தான் பின்னால் போனது. கட்டையை உருவிய அவன் இன்னும் சக்கரத்துக்குப் பின்னால் குனிந்திருந்தான்.

அவனேதான் ரைட் சொன்னான் என்று போலீசிடம் சொன்னேன். பெண்டாட்டியிடமும் அதையே சொன்னேன். அவசரக் குடுக்கை என்று தம்பியைத் திட்டிக்கொண்டேதான் அவள் கடைசி வரை இருந்தாள். வீட்டில் அவன் படம்கூட மாட்டவில்லை. மகள் அவனைப் பார்த்ததேயில்லை.

காலை எடுத்தேன்.

கார் நின்றது.

ஒன்று. இரண்டு. மூன்று.

"பாத்தியா? இப்போ கிளம்பு."

கிளட்சை விட்டு ஆக்சிலேட்டர் கொடுத்தேன். என்ஜின் திணறி அணைந்தது. நியூட்ரலுக்குத் தள்ளினேன். அப்போதும் கார் நின்றது. பத்து வரை எண்ணினேன். இருபது. மகளின் சிரிப்பு போய்விட்டது.

"இவ்ளோ நேரம் பிடிக்காதே..."

பிரேக்கை மிதித்தேன். சேற்றில் இறங்குவதுபோல் அடி வரை போனது. ஹேண்ட்பிரேக் கையோடு தொளதொளவென்று வந்தது. திரும்பக் கியர் விழவில்லை. மேட்டில் வண்டியை நான் பிடிக்கவில்லை. வண்டியும் தன்னைப் பிடிக்கவில்லை.

உள்ளே டீசல் வாடை அடித்தது.

இது பெட்ரோல் கார்.

பின்னால் ரோட்டில் மரக்கட்டை உரசும் சத்தம்.

"என்னவோ மாட்டிக்கிச்சு. பாத்துட்டு வரேன்."

"இறங்காத!"

இறங்கிவிட்டாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு நேரே காருக்குப் பின்னால் போய்க் குனிந்தாள். கண்ணாடியில் அவள் முதுகு மட்டும் தெரிந்தது. தள்ளிப் போடி என்று கத்தப் பார்த்தேன். வாயிலிருந்து காற்றுதான் வந்தது. பிடித்திருப்பது எதுவோ, அது விட்டால் போதும், ஒரு முழம்.

அவள் யாரிடமோ பேசினாள். தலையை ஆட்டினாள்.

டப். டப்.

பாடியில் இரண்டு தட்டு.

குரல் வரவில்லை.

மகள் வந்து உட்கார்ந்து பெல்ட்டை மாட்டினாள்.

"ஒருத்தர் சக்கரத்துக்குக் கட்டை வெச்சுப் பிடிச்சிட்டு இருந்தாருப்பா. பாவம், சட்டையெல்லாம் ஒரே கிரீஸ்."

"என்ன சொன்னான்?"

"'மாமாகிட்ட சொல்லும்மா, அன்னிக்கு ரைட் சொன்னது நான் இல்ல'ன்னார். உன்னையா மாமாங்கிறார்? யாருப்பா அவர்?"

வாயைத் திறந்தேன். அப்போதாவது சொல்லியிருக்கலாம்.

"யாரோ கிறுக்கன்" என்றேன்.

பிரேக் காலுக்குக் கெட்டியாக வந்தது. என்ஜின் ஒரே சாவியில் பிடித்தது. கார் ஒன்றும் நடக்காததுபோல் மேடேறியது.

இப்போது கார் எங்கள் வாசலில், சமதரையில் நிற்கிறது. தினமும் காலையில் பின்சக்கரத்துக்கு அடியில் ஒரு கட்டை இருக்கிறது. டீசல் குடித்துக் கறுத்த பழைய மரம். தூக்கி எறிந்தேன். எரித்தும் பார்த்தேன். மறுநாள் அதே இடத்தில் இருந்தது.

இந்த வாரமோ அடுத்த வாரமோ வலி வந்துவிடும். ஆஸ்பத்திரிக்கு அந்த மேட்டில்தான் நான் ஓட்டிப் போக வேண்டும். சுற்றுவழி இப்போது மூடிக் கிடக்கிறது.

மகள் கட்டையைப் பார்த்துப் பார்த்துச் சிரிக்கிறாள்.

"வெச்சுட்டியா இன்னிக்கும்? இன்னுமாப்பா உனக்கு நம்பிக்கை வரல?"