இரண்டு பிக்சல் பெரிது

டூல்பாரில் ஏழாவதாக இருந்த கத்தரிக்கோல் மட்டும் கொஞ்சம் பெரிதாக இருந்தது.

மற்ற ஐகான்கள் எல்லாம் இருபத்து நான்கு பிக்சல். இது இருபத்தாறு. வேறு யார் கண்ணிலும் பட்டிருக்காது. ஆனால் அவள் ஐகான் வரைகிறவள். அரை பிக்சல் பிசகினாலும் அன்றைக்குச் சோறு இறங்காது. அதனாலேயே அலுவலகத்தில் அவளுக்கு 'ஸ்கேல்' என்று பெயர். மறுநாள் காலை அந்த மென்பொருள் வாடிக்கையாளர் கைக்குப் போயாக வேண்டும். அளவைத் திருத்தினாள், சேமித்தாள், மூடித் திறந்தாள்.

இப்போது இருபத்தெட்டு.

"அண்ணா, இந்தக் கத்தரிக்கோல்ல நீங்க ஏதாவது கை வச்சீங்களா?"

பக்கத்து மேசை புரோகிராமர் எட்டிப் பார்த்தார். "எனக்கு எல்லாம் ஒண்ணு மாதிரிதான் தெரியுது. கண்ணுக்குக் கொஞ்சம் ரெஸ்ட் குடு ஸ்கேல். நான் போய் சாப்பிட்டு வரேன்."

அவர் போனதும் அந்தத் தளமே காலியானது. மதிய வெயில் ஜன்னல் மறைப்பின் இடுக்குகள் வழியே கோடு கோடாக மேசைமேல் விழ, ஏசியின் முனகலும் யாரும் உட்காராத ஏதோ ஒரு நாற்காலியின் கிறீச்சும் மட்டும் கேட்க, அவள் மென்பொருளைக் கருப்புப் பின்னணிக்கு மாற்றினாள். மற்ற முப்பத்தொரு ஐகான்களும் சொன்ன பேச்சைக் கேட்டு வெள்ளையாயின. கத்தரிக்கோல் கேட்கவில்லை. உதட்டைப் பிதுக்கினால் உள்ளே தெரியுமே, அந்த ஈர இளஞ்சிவப்பு. அப்படியொரு நிறத்தை அவள் எந்தக் கோப்பிலும் வைத்ததே இல்லை.

பெரிதாக்கிப் பார்த்தாள். நானூறு சதவீதம். எண்ணூறு. பிக்சல் என்றால் சதுரம் சதுரமாகத் தெரிய வேண்டும். தெரிந்தவை மயிர்க்கால்கள். நடுவே நீல நரம்பு ஒன்று. இரு பக்கத்திலும் ஒட்டியிருந்த ஐகான்கள் சாறு போன சக்கையாக ஒடுங்கிக் கிடந்தன. நாயின் காதில் ரத்தம் குடித்து உப்பிய உண்ணிதான் அவளுக்கு நினைவு வந்தது. திரிந்த பாலின் நாற்றம் வேறு. குனிந்து முகர்ந்தாள். திரையிலிருந்துதான். டிஷ்யூவால் துடைத்தாள். பிசுபிசுவென்று, நூல் நூலாக ஒட்டிக்கொண்டு வந்தது.

"சீ."

கோப்பைத் தேடிப் பிடித்து அழித்தாள். கணினியின் குப்பைத்தொட்டியிலிருந்தும் அழித்தாள். வரிசை சட்டென்று நெருங்கி நின்றது. முப்பத்தொன்று. எல்லாம் இருபத்து நான்கு. எல்லாம் வெள்ளை. நாற்றமும் நின்றுவிட்டது.

கையை மூன்று தடவை சோப்புப் போட்டுக் கழுவினாள். திரும்பி வந்து உட்கார்ந்து தண்ணீர் குடித்தாள். ஒரு மிடறு இறங்கும்போது நாக்கு எதிலோ பட்டது.

மேல் வரிசை. இடப்பக்கம். ஒரு பல்.

கொஞ்சம் பெரிதாக.

நாக்கை இழுத்துக்கொண்டாள். மறுபடி மெல்லத் தொட்டாள். கடினமாக இல்லை. வெதுவெதுவென்றிருந்தது. அழுத்தினால் அமுங்கியது. விட்டால் எழுந்தது.

பக்கத்துப் பற்கள் இரண்டும் ஆடின.

"என்ன ஸ்கேல், சரியாச்சா?" புரோகிராமர் கைக்குட்டையால் வாயைத் துடைத்துக்கொண்டே வந்து நின்றார்.

வாயைத் திறக்க அவளுக்குத் துணிவில்லை. உதடுகளை இறுக மூடிக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினாள். உள்ளே அது நாக்கின்மேல் மெதுவாகச் சாய்ந்து, உறிஞ்சத் தொடங்கியிருந்தது.