கிராயேதார்

மெட்டுகுடாவில் எங்களுக்குக் கிடைத்தது மாடி வீடு. சாமான் வண்டி கிளம்பியதுமே கீழ்வீட்டிலிருந்து வீட்டுக்காரம்மா லூர்துமேரி குரல் கொடுத்தார். "கிராயேதார், தண்ணி வருது."

கிராயேதார் என்றால் இந்த ஊரில் வாடகைக்குக் குடியிருப்பவர். எனக்கும், என் கணவர் தினேஷுக்கும், எட்டு வயது மகளுக்கும் சேர்த்து அந்தம்மா அதையே பேராக வைத்துவிட்டார். கொடியில் துணி காய்ந்தால் கிராயேதார், கூரியர் வந்தால் கிராயேதார். மூன்று தலைமுறையாக ரயில்வேயில் இருந்த தமிழ்க் குடும்பமாம். மரியாதை மட்டும் எந்த ரயிலிலோ ஏறிப் போய்விட்டது போலிருக்கிறது.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு மாலை மாடிப்படியில் நின்று, தெருவே கேட்கும்படி சொன்னேன். "எங்களுக்குப் பேரு இருக்குதுங்க. நான் சௌம்யா. இவ நித்யஸ்ரீ. பேரைச் சொல்லிக் கூப்பிடுங்க."

சண்டைக்கு வருவார் என்று பார்த்தால், அவர் முகம் வெளுத்துவிட்டது. எங்கள் கதவைப் பார்த்தபடி கிசுகிசுத்தார்.

"நக்கோம்மா, வேண்டாம். இங்க யார் பேரையும் சத்தமா சொல்லாதே. அதுக்குக் கேட்கும்."

முன்பு குடியிருந்தவர்களின் மகளை, அவள் அம்மா குரலிலேயே அது பேர் சொல்லிக் கூப்பிட்டதாம். பிள்ளையை மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியிலிருந்துதான் தூக்கினார்களாம். அதன்பின் வந்தவர்கள் எல்லாருமே அவருக்குக் கிராயேதார்கள்தான். இதை அட்வான்ஸ் வாங்கும்போதே சொல்வதற்கென்ன என்று வயிறு எரிந்தது. நான் நம்பவில்லை. ஆனாலும் அன்று இரவு முழுக்க நித்யாவின் கையை விடவில்லை.

மறுநாள் அந்தி நேரம். வெங்காயம் வதக்கிக்கொண்டிருந்தேன். அந்த வாசனையை அமுக்கிக்கொண்டு, பாசி பிடித்த தண்ணீரின் நாற்றம் வந்தது.

மேலே தொட்டி மூடி கரகரவென்று நகர்ந்தது.

"நித்யஸ்ரீ..."

என் குரல்.

நான் வாயே திறக்கவில்லை.

"ஆயீ மம்மி," வந்துட்டேன் அம்மா என்று பள்ளியில் பழகிய இந்தியில் பதில் சொல்லிக்கொண்டே மகள் மொட்டைமாடிக்கு ஓடினாள். நான் பாய்ந்து பிடித்தபோது அவளுடைய ஒரு கால் தொட்டிக்குள் இருந்தது. இழுத்தேன். உள்ளேயிருந்தும் எதுவோ இழுத்தது. எப்படி மீட்டேன் என்று எனக்கே தெரியாது. அவள் கணுக்காலில் ஐந்து விரல்களும் பதிந்திருந்தன.

அன்றே கிளம்பி ராமச்சந்திராபுரத்தில் ஒரு ஃபிளாட்டுக்கு வந்துவிட்டோம். முதல் வாரமே குளியலறைக்குள்ளிருந்து அந்தக் குரல் அவள் பேரைச் சொன்னது. பயந்துபோய் லூர்துமேரிக்குப் போன் செய்தேன். அந்தப் பேரை மறந்துவிடு, அது தானே ஓய்ந்துவிடும் என்றார்.

மறந்தோம். பெற்ற மகளை நானே கிராயேதார் என்று கூப்பிட்டேன். சாப்பிட, குளிக்க, தூங்க, எல்லாவற்றுக்கும் அதுதான். முதலில் அழுதாள், பிறகு பழகி, சிரித்துக்கொண்டே ஓடிவந்தாள். பக்கத்து ஃபிளாட் பிள்ளைகளும் அவளை அப்படியே அழைத்தார்கள். குரல் ஓய்ந்தது. பிழைத்தோம் என்றுதான் நினைத்தேன்.

இன்று மாலை கூடத்தில் உட்கார்ந்து அவளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தேன். பாசி நாற்றம் வந்தது.

மூடியிருந்த குளியலறைக்குள்ளிருந்து என் குரல் செல்லமாக அழைத்தது.

"கிராயேதார்..."

மகள் என் பக்கம் திரும்பவே இல்லை.

"ஆயீ மம்மி," என்றாள்.

என் கையிலிருந்த பின்னலிலிருந்து தண்ணீர் சொட்டியது.