தானே திரும்பிய படகு!

ட்ர்ர்ர்ர்ர்...

செல்போன் தொடையில் அதிர்ந்தது. எடுக்கத்தான் வழியில்லை!

பாய்மரப் படகின் பின்பக்கம், தளத்துக்குக் கீழே, ஒரு ஆள் முக்கால்வாசி மட்டுமே நுழையக்கூடிய இடுக்கில் முழுசாக நுழைந்திருந்தான் படகு மெக்கானிக்.

வேலை, பல் டாக்டரம்மாவின் படகில், சுக்கானைத் தானாகத் திருப்பும் ஆட்டோ பைலட் மாட்டுவது. அதன் மோட்டாரைச் சுக்கானோடு சேர்த்துக் கடைசி போல்ட்டையும் முறுக்கியாயிற்று. வயர் கொடுப்பதுதான் பாக்கி.

எப்படியோ வளைந்து நெளிந்து போனைக் காதில் வைத்தான். மனைவி!

"என்னங்க, சாப்பாடு கொண்டாந்து கரையில நிக்கிறேன்... நீங்க எங்க போறீங்க?"

"நான் எங்க போறேன்? இங்கதான் கிடக்குறேன்."

"படகு போகுதே!"

மெக்கானிக் காதைத் தீட்டினான். இஞ்சின் சத்தம்! தலைக்கு மேல் செருப்புச் சத்தம்! கரகரத்த ஆண் குரல் ஒன்று பாட்டு வேறு பாடியது!

டாக்டரம்மாவுக்கு நிச்சயமாய் அந்தக் குரல் கிடையாது.

"அடியே... எவனோ படகைக் கடத்திட்டான்டி! நான் உள்ள மாட்டிக்கிட்டேன்!"

"ஐயோ! உங்களுக்கு நீச்சல்கூடத் தெரியாதே! குதிச்சு கிதிச்சுடாதீங்க!"

"எங்க குதிக்கிறது? திரும்பவே முடியல!"

திரும்ப...

ஆஹா! அவனால் திரும்ப முடியாது. படகைத் திருப்பலாமே!

மோட்டாரின் இரண்டு வயர்களையும் பேட்டரியில் வைத்தான். விர்ர்ர்... சுக்கான் ஒரு பக்கம் சாய்ந்தது. மாற்றி வைத்தான். மறுபக்கம் சாய்ந்தது.

மேலே பாட்டு பட்டென்று நின்றது.

"ஐயய்யோ! ஸ்டியரிங் தானா சுத்துதே!"

போனில் மனைவி கத்தினாள்.

"இடது பக்கம் திருப்புங்க! அங்கதான் போலீஸ் இருக்கு!"

"எனக்கு இடதா, உனக்கு இடதா?"

"சாப்பிடுற கைக்கு எதிர்க்கை!"

"நான் தலைகீழாக் கிடக்குறேன்டி! சாப்பிடுற கை எங்க இருக்குன்னே தெரியல!"

படகு ஒரு வட்டம் போட்டது. ஆசை தீராமல் இன்னொன்றும் போட்டது.

"பேய்! பேய்! காப்பாத்துங்க!" மேலே கரகரக் குரல் கதறியது.

"அதேதான்..." என்றாள் போனில் மனைவி. "அப்படியே நேரா வாங்க... நேரா... ஐயோ, ரொம்ப நேரா!"

டமார்!

கடலோரப் போலீஸின் படகுத்துறையில் முட்டி நின்றது படகு. கரையில் மனைவி போட்ட 'கடத்தல்' கூச்சலைக் கேட்டிருந்த இன்ஸ்பெக்டர், தாவி ஏறிக் கரகரக் குரல்காரனுக்கு விலங்கு மாட்டினார். மெக்கானிக்கைக் காலைப் பிடித்து வெளியே இழுத்தார்கள்.

"விடாதீங்க சார் அவனை! படகுத் திருடன்!"

"யோவ், இது என் படகுய்யா!"

அவன் நீட்டிய காகிதங்களை இன்ஸ்பெக்டர் புரட்டினார். பெயர், நம்பர்... எல்லாம் கனகச்சிதம்!

கூட்டத்தை விலக்கிக்கொண்டு டாக்டரம்மா வந்தார். முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

"மெக்கானிக்! காலையிலேர்ந்து என் படகுல உங்களுக்காகக் காத்துக்கிட்டிருக்கேன். இதுக்குப் பக்கத்துல கட்டியிருந்த படகு!"

"ரெண்டும் வெள்ளையா இருந்துச்சு மேடம்..."

"அப்ப என் பூட்டை அறுத்தது யாரு?" என்றான் கரகரக் குரல்காரன்.

"நான்தான்... டாக்டரம்மா குடுத்த சாவி சேரல."

விலங்கு கை மாறியது.

சாப்பாட்டுக் கூடையோடு மூச்சிரைக்க ஓடி வந்தாள் மனைவி.

"விட்டுடுங்க சார்! இவர் திருடன் இல்ல, வெறும் மறதி! எங்க கல்யாணத்தன்னிக்கே பக்கத்து மண்டபத்து மேடையில போய் மாப்பிள்ளையா உட்கார்ந்துட்டாரு. நான்தான் கையைப் பிடிச்சு இழுத்துட்டு வந்தேன்!"

இன்ஸ்பெக்டர் நிமிர்ந்தார்.

"மேடையிலேர்ந்து மாப்பிள்ளைக் கடத்தலா?... ஏட்டு, இன்னொரு விலங்கு எடுய்யா!"