திடீர்ச் சான்று

மண்ணடுக்குகளைப் படிக்கும் கருவியான படிவுமானியின் குழாய் சரிந்த மலைக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. தேயிலைத் தோட்டத்துக்குக் கீழே பதினோரு வீடுகள் இருந்த இடத்தில் இப்போது செம்மண் மட்டும்தான்.

பத்துக் குடும்பங்கள் திடீர்ச் சான்றில் கையெழுத்துப் போட்டுவிட்டன. மலை எதிர்பாராமல் விழுந்தது, யாரும் பொறுப்பல்ல என்பது அதன் வாசகம். ஃபுளோரா ஒருத்திதான் மறுத்தாள். இறந்தவரின் உறவினர் ஒருவர் மறுத்தாலும் கருவியை இறக்க வேண்டும். இறக்கச் சொன்னவர் மட்டுமே அதை நிறுத்தலாம். சட்டம் அப்படி.

அவள் மகள் ஜெசிந்தா கல்லூரியில் நிலவியல் படித்தவள். பெரும் பிரளயங்கள்தான் பூமியை உருவாக்கின என்று அந்தக் காலத்து அறிஞர்களில் ஒரு சாரார் சொன்னார்களாம். இல்லை, இன்று பெய்யும் இதே மழையும் ஓடும் இதே ஆறும் மணல் மணலாகச் செய்த வேலை என்றார்களாம் மற்றவர்கள். “நான் ரெண்டாவது கட்சிம்மா” என்பாள், சோற்றைப் பிசைந்துகொண்டே. மலை விழுந்த காலையில் ஃபுளோரா தேயிலை ஆலையில் இருந்தாள். மகள் மூன்று நாள் மண்ணுக்குள் இருந்தாள்.

விசாரணை ஆணையர் அதே மாவட்டத்தில் உதவிப் பொறியாளராக வேலையைத் தொடங்கியவர். ஆண்டுவாரியாக மண் நகர்ந்த அளவோடு, நகர்த்தியவர் பெயரையும் பதிவேடுகளில் தேடிச் சொல்லிவிடும் இந்தக் கருவி, தெரியாமல் இருப்பதே நிம்மதி என்று அவளுக்குத் தணிந்த குரலில் எடுத்துச் சொல்லிப் பார்த்தார்.

கருவி பேசியது. “மேலடுக்கு. ஏழாம் வீட்டுக் குளியலறைத் தண்ணீர், பதினாறு ஆண்டுகள். நகர்வு மூன்று மில்லிமீட்டர்.”

ஏழாம் வீடு அவளுடையது. வாசலில் தேங்குகிறதென்று குழாயைச் சரிவுப் பக்கம் திருப்பியது அவள் கைதான். அங்கிருந்த பாறையில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

“இதுக்குத்தாம்மா சொன்னேன்.” ஆணையர் சான்றை நீட்டினார். “இப்பவும் ஒண்ணும் கெட்டுப்போகல. கையெழுத்துப் போட்டு நிறுத்திருங்க.”

அவள் எழுந்து கருவியருகே போனாள்.

“என் பேரை முதல்ல எழுதுங்க சார். ஃபுளோரா, ஏழாம் வீடு, மூணு மில்லிமீட்டர்.”

அவர் எழுதவில்லை.

“என் பிள்ளை செத்ததுல எனக்குப் பங்கு இருக்கு. மிச்சம் யாருக்குன்னு கேக்கத்தான் நிக்கிறேன்.”

குழாய் இன்னும் இறங்கியது. “அடுத்த அடுக்கு. விடுதி நீச்சல்குளம், நாற்பது சென்டிமீட்டர். அதற்கும் கீழே, மழைநீர் ஓடை மூடல், இரண்டு மீட்டர். அனுமதி அளித்தவர், அன்றைய உதவிப் பொறியாளர்...”

ஆணையரின் கை கருவியை நிறுத்தும் விசையை அவசரமாகத் தேடியது. விசையின்மேல் ஏற்கெனவே ஃபுளோராவின் உள்ளங்கை இருந்தது.