இறங்காத தோட்டா

ஐந்து அறைகளில் தோட்டா ‘டொக்’ என்று இறங்கியது. ஆறாவதில் பாதியில் நின்றது. அதில் அதிசயம் ஒன்றுமில்லை. பழைய ரிவால்வர் என்றால் ஏதாவது ஓர் அறை முரண்டு பிடிக்கத்தான் செய்யும். ஆனால் இரும்பில் இடித்து நின்றால் அது விரலுக்கு உடனே தெரிந்துவிடும். இது மெத்தென்று நின்றது. விரலை எடுத்ததும் ஒரு நூலளவு வெளியே வந்தது.

துப்பாக்கி பழுது பார்க்கும் அந்தக் கடைக்காரரை எல்லோரும் மூக்கர் என்றுதான் கூப்பிடுவார்கள். மூக்கு பெரிது என்பதால் அல்ல. எந்தத் துப்பாக்கி வந்தாலும் முகர்ந்து பார்த்தே அதன் ஜாதகத்தைச் சொல்லிவிடுவார். வேலை முடிந்ததும், தோட்டா போடுகிற சிலிண்டரைக் கழற்றி, அதன் ஒவ்வோர் அறையிலும் உதட்டை வைத்து ஓர் ஊது ஊதுவார். தூசி போக அதைவிட நல்ல வழி கிடையாது என்பது அவர் கட்சி. முப்பது வருடமாக வேண்டாம் என்று சொல்லிச் சலித்துப்போன மனைவி, அன்று காலையும் சொல்லித்தான் அனுப்பினாள்.

“சாயங்காலம் பொண்ணு குழந்தையோட வர்றா. அந்தக் கருமத்துல வெச்ச வாயோட வந்து என் பேத்தியைக் கொஞ்சினீங்க, அப்புறம் நான் மனுஷியா இருக்க மாட்டேன்.”

“இன்னிக்கு ஊத மாட்டேம்மா. போதுமா?”

அவருக்கும் அன்று ஊதுகிற உத்தேசம் இல்லை. நான்கு நாளுக்கு முன்புதான் இடது கீழ்க் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கி இரண்டு தையல் போட்டிருந்தார்கள். உதட்டைக் குவித்தாலே சுரீரென்றது. பேத்தியை இதுவரை போனில்தான் பார்த்திருக்கிறார். நாலு மணிக்குக் கடையைச் சாத்திவிட்டால் ஐந்துக்கு அவளைக் கையில் வாங்கிவிடலாம்.

ரிவால்வரைக் கொண்டுவந்தவர் ஒரு பள்ளிக்கூடக் குமாஸ்தா. பையை உடம்பில் படாமல் தள்ளிப் பிடித்துக்கொண்டு வந்தார். “ஒண்ணுல மட்டும் இறங்க மாட்டேங்குது சார்” என்று சொல்லி, ஒரு டப்பாவில் நிஜத் தோட்டா ஆறையும் வைத்துவிட்டு, டீகூட வேண்டாம் என்று போய்விட்டார்.

மூக்கர் நிஜத் தோட்டாவை வைத்துச் சோதிக்கிற ஆள் இல்லை. மருந்தில்லாத வெற்றுத் தோட்டாவைத்தான் போட்டுப் பார்த்தார். அறை மாற்றிப் போட்டால் அதே தோட்டா ஒழுங்காக இறங்கியது. அப்படியானால் கோளாறு அறையில். சிலிண்டரைக் கழற்றி மூக்கருகே கொண்டுபோனார்.

கருமருந்து வாசனை இல்லை. எண்ணெய் இல்லை. துரு இல்லை. மூன்று நாள் காய்ச்சலில் கிடந்து பல் தேய்க்காத ஒருவர் முகத்துக்கு நேராகக் கொட்டாவி விட்டால் வருமே, அந்த வாடை.

வெளியே மழை பிடித்துக்கொண்டது. ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு வந்து, நீளப் பிரஷ்ஷை மண்ணெண்ணெயில் நனைத்து அறைக்குள் விட்டுத் திருகினார். வழக்கமாகக் கரி வரும், ஈயச் சீவல் வரும். வந்தது மஞ்சளாக, நாக்கை வழித்தால் சேருகிற மாவு மாதிரி ஒன்று. துணியில் துடைத்தபோது நூலாக இழுபட்டது. மறுபடி விட்டார். மறுபடியும் அதே வழிசல். எத்தனை தடவை துடைத்தாலும் உள்சுவர் ஈரமாகவே இருந்தது.

அறைக்குள் என்னதான் இருக்கிறது என்று பார்க்க ஒரு வழி உண்டு. அடியைத் துணியால் அடைத்து, மெழுகை உருக்கி ஊற்றி, ஆறியதும் தள்ளி எடுத்தால் உள்ளே இருக்கிற மேடு பள்ளம் எல்லாம் அச்சாகப் பதிந்து வரும். ஊற்றினார். வந்த அச்சைப் பூதக்கண்ணாடிக்கு அடியில் வைத்தார்.

பற்கள் பதிந்த தடம். எள்ளளவு பற்கள், வரிசையாக. கீழ் முன்பல் ஒன்று பக்கத்துப் பல்லின் மேல் ஏறியிருந்தது.

குமாஸ்தாவுக்குப் போன் போட்டார். “இதைக் கடைசியா யாரு சுட்டாங்க?”

“எங்க அண்ணன் சார். வாயில வெச்சு... போய்ட்டாரு.”

“அவருக்குக் கீழ் முன்பல்லு ஒண்ணு மேல ஒண்ணு ஏறியிருக்குமா?”

“ஆமா சார். உங்களுக்கு எப்படித் தெரியும்?”

மூக்கர் போனை வைத்துவிட்டார். பயத்தைவிட அருவருப்புதான் அதிகம். செத்தவன் வாய்க்குள் இவ்வளவு நேரம் பிரஷ் விட்டுக் குடைந்திருக்கிறோம். எஃகுக் கம்பியால் வெறிபிடித்ததுபோல் தேய்த்தார். சுரண்டினார். மண்ணெண்ணெயை ஊற்றிக் கழுவினார். கடைசியில் இரும்பு பளபளத்தது. அப்பாடா என்று சிலிண்டரைத் தூக்கி, முப்பது வருடப் பழக்கத்தில், ஆறாவது அறையில் உதட்டை வைத்து ஊதிவிட்டார்.

அறை திரும்ப ஊதியது.

வெதுவெதுப்பாக. ஈரமாக. நேராக அவர் தொண்டைக்குள்.

குழாயடிக்கு ஓடினார். கொப்பளித்தார். உப்பு போட்டுக் கொப்பளித்தார். சோப்பை நாக்கில் தேய்த்தார். வாடை போகவில்லை. அது இப்போது அவர் மூச்சில் இருந்தது. உள்ளே இழுத்தாலும் அதுதான், வெளியே விட்டாலும் அதுதான். இந்த வாயோடு அந்தப் பச்சைக் குழந்தையிடமா போவது?

அறையில் ஒன்றும் இல்லை என்று கண்ணால் பார்த்துவிட்டால் போதும். நிம்மதியாக வீட்டுக்குப் போகலாம். மெழுகை உருக்கி மறுபடி ஊற்றினார். தள்ளி எடுத்தார்.

பற்கள்.

வேறு பற்கள். ஏறிய பல் இல்லை. எல்லாம் ஒழுங்கு. இடது கீழ்க் கடைவாயில் மட்டும் ஓர் இடைவெளி. அந்த இடைவெளியில் இரண்டு முடிச்சு. தையல்.

நாக்கு தானாக அந்த இடத்துக்குப் போனது. தையலைக் காணோம்.

சில்லென்று இருந்தது. வட்டமாக. விளிம்பு வழவழவென்று. நடுவில், இன்னும் சிறிதாக, இன்னொரு வட்டம். தோட்டாவின் பின்புறம். ஈறுக்குள், கொஞ்சமும் முரண்டு பிடிக்காமல், கடைசிவரை இறங்கியிருந்தது.

குமாஸ்தாவின் டப்பாவைப் பார்த்தார். ஐந்து.

போன் அடித்தது. மனைவி. பல்லோடு பல் படாமல் தாடையைப் பிடித்துக்கொண்டு எடுத்தார்.

“எங்க இருக்கீங்க? சீக்கிரமே வந்துட்டாங்க. இந்தா, தாத்தா பாரு, தாத்தாகிட்ட பேசு...” குழந்தை மழலையில் என்னவோ கத்தியது. எச்சில் நிறைந்தது. விழுங்கப் பயமாக இருந்தது.

மேசைமேல் சிலிண்டர் இல்லாமல் கிடந்தது ரிவால்வர். தோட்டாவின் முதுகில் அடிக்கிற அதன் சுத்தியல், யார் விரலும் படாமல், மெல்லப் பின்னுக்குச் சாய்ந்துகொண்டிருந்தது.

“என்னங்க, குழந்தை காத்துக்கிட்டு இருக்கா. வாயைத் திறந்து பேசுங்களேன்.”

சுத்தியல் முழுக்கப் பின்னால் போய் நின்றது.